நிழலும் யாமமும்: பாலக்காட்டுத் தோற்பாவைக்கூத்தில் ஒளி, இருள், உரை

தமிழில் 'நிழல்' என்னும் சொல் ஒளி மறைக்கப்பட்ட இடத்தை மட்டும் குறிப்பதன்று. நீரிலும் ஆடியிலும் தோன்றும் எதிருருவையும், மணியினின்று வீசும் ஒளியையும், அடைக்கலத்தையும் அச்சொல்லே குறிக்கும். 'எல்' என்பது ஒளி. அதனோடு தொடர்புடைய 'எல்லை' பழைய வழக்கில் பகலையும் கதிரவனையும் குறிக்க, 'எல்லி' இரவைக் குறிக்கிறது. ஒளியையும் இருளையும் பகைப்பொருள்களாக நிறுத்தாமல், ஒன்றன் வரம்புக்குள் மற்றொன்றை வைத்துக் கண்ட ஒரு வழக்கின் எச்சங்களாக இவற்றைக் கொள்ளலாம். பிற்கால உரைநடையில் இந்நெகிழ்ச்சி பெரிதும் மறைந்துவிட்டது. இன்று 'இருள்' என்றால் அறியாமை, 'ஒளி' என்றால் அறிவு என்ற ஒரே உருவகமே மேடைகளிலும் பாடநூல்களிலும் ஆட்சி செய்கிறது.

ஆயினும் நிழலின் இவ்விரு பொருள்களும் ஒருங்கே செயற்படும் ஒரு கலை, தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பால், பாலக்காட்டுப் பகுதியின் பகவதி காவுகளில் இன்றும் நிகழ்ந்து வருகிறது. அதன் பாட்டு தமிழ். பாடுவோரின் தாய்மொழி மலையாளம். அதற்குத் தேவையான பொருள்களுள் முதன்மையானது இருள். தோற்பாவைக்கூத்து எனப்படும் அக்கலையைப் பற்றிய எழுத்துகள் பாவைகளின் அழகையும் இராமகதையின் வேறுபாடுகளையும் விரித்துரைத்துள்ளன. அக்கூத்து நிகழும் இரவின் நீளத்திற்கும் அதன் வழி நிலைபெற்ற தமிழுரையின் நீளத்திற்கும் உள்ள தொடர்பு அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. இவ்விரண்டும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்பவை என்பதும், ஒன்று குறையுங்கால் மற்றதும் குறைகிறது என்பதும் ஈண்டுக் காட்டப்படும்.

கணவாயும் காவுகளும்

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே அமைந்த பாலக்காட்டுக் கணவாய், மேற்குத் தொடர்ச்சி மலையில் மனிதரும் பொதிமாடும் எளிதில் கடக்கக்கூடிய அகன்ற வாயில். கொங்கு நாட்டிலிருந்து பாரதப்புழையின் கரையைப் பற்றிக்கொண்டு மேற்கே நடந்தால் பொன்னானியில் கடலைக் காணலாம். வணிகரும் நெசவாளரும் வேளாளரும் அந்தணரும் பல நூற்றாண்டுகளாக இவ்வழியே மேற்கு நோக்கிச் சென்று குடியேறினர். கல்பாத்தி போன்ற அக்கிரகாரங்களும், செட்டியார், முதலியார் தெருக்களும், சித்தூர், கொல்லங்கோடு வட்டாரங்களின் தமிழ்ப் பேச்சும் அக்குடியேற்றத்தின் அடையாளங்கள். கம்பனின் இராமகதையும் அவர்களோடு நடந்தே சென்றிருத்தல் வேண்டும்.

கூத்துமரபினர் தம் கலைக்குத் தலைமகனாகக் கூறுவது சின்னத்தம்பிப் புலவரை. கல்வி மறுக்கப்பட்ட ஒருவர் தாமே முயன்று கற்றுக் கம்பனை எளியோர்க்குரிய கூத்தாக ஆக்கினார் என்பது அக்கதையின் சாரம். அது வரலாறாயினும் ஆகாதாயினும், இக்கலை தன்னைக் கல்விமரபாகவே நினைத்துக்கொள்கிறது என்பதற்கு அது சான்று. பாவை ஆட்டுவோர்க்கு வழங்கும் பட்டம் 'புலவர்' என்பதும் இதனோடு இயைவது. கைத்திறனைப் பாராது சொல்திறனைப் பார்த்து இடப்பட்ட பெயர் அது.

இவ்விடத்தில் ஒரு முரணைச் சுட்டுதல் தகும். தமிழ்நாட்டில் தோற்பாவைக்கூத்தைத் தொழிலாகக் கொண்ட மண்டிகர் மராத்தியைத் தாய்மொழியாக உடையவர்கள். கேரளத்தில் கம்பன் பாடல்களைப் பாடிப் பாவை ஆட்டுவோர் மலையாளத்தைத் தாய்மொழியாக உடையவர்கள். தமிழ் இராமகதையின் நிழல்கள் இருமருங்கும் பிறமொழியாளர் கைகளிலேயே ஆடி வந்துள்ளன. ஒரு மொழியின் இலக்கியம் அம்மொழியாளரின் தனியுடைமை என்று எண்ணுவோர் இவ்வுண்மையை எதிர்கொள்ள வேண்டும்.

இருவகைக் கூத்துகளும் பெயரால் ஒன்றாயினும் ஒளியால் வேறானவை. தமிழ்நாட்டுப் பாவைகள் ஒளி ஊடுருவும் மெல்லிய தோலில் வண்ணம் தீட்டப்பட்டவை. திரையில் விழுவது வண்ண உருவம். பாலக்காட்டுப் பாவைகள் ஒளி புகாத் தோலில் துளைகள் இட்டுச் செய்யப்பட்டவை. திரையில் விழுவது கருநிழலும் அதனுள் மின்னும் ஒளிப்புள்ளிகளும் மட்டுமே. முன்னது சற்று வெளிச்சமான சூழலிலும் பிழைத்துக்கொள்ளும். பின்னதற்குச் சுற்றிலும் இருள் இன்றியமையாதது.

தேவிக்காக ஓர் இரவு

இக்கூத்து நிகழ்வதற்குக் கூறப்படும் காரணக்கதை எளியது. சிவனால் தோற்றுவிக்கப்பட்ட பத்ரகாளி தாரிகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது, இலங்கையில் இராமனும் இராவணனும் பொருதனர். அப்போரைக் காணும் வாய்ப்பைத் தேவி இழந்தாள். அக்குறை தீர, ஆண்டுதோறும் அவள் கண்முன் அப்போர் நிழலாக நிகழ்த்தப்பட வேண்டும் என ஏற்பாடாயிற்று. ஆதலின் கூத்தின் முதற் பார்வையாளர் தேவி. காவின் முன்னே, கருவறையை நோக்கியவாறு கட்டப்பட்ட கூத்துமாடம் என்னும் தனிக்கட்டடத்தில் அது நிகழும். அறுவடைக்குப் பின் மகரம் தொடங்கி இடவம் வரை, அதாவது ஜனவரி முதல் மே வரையான வறண்ட மாதங்களில், ஏழு, பதினான்கு, இருபத்தொன்று, நாற்பத்தொன்று, எழுபத்தொன்று என அந்தந்தக் காவின் வழக்கிற்கேற்ப இரவுகள் அமையும். முன்னிரவு கழிந்தபின் தொடங்கி விடியலுக்கு முன் முடியும். சொர்ணூரை அடுத்த கவளப்பாறை ஆரியங்காவு இதற்குப் பெயர்பெற்ற இடங்களுள் ஒன்று.

மக்கள் வருவதும் வராததும் இரண்டாம் நிலைச் செய்தியே. தொடக்கத்தில் நடைபெறும் பூசையையும் பட்டர்ப் பாவைகளின் ஆட்டத்தையும் கண்டபின் ஊரார் பெரும்பாலும் வீடு திரும்பிவிடுவர். நள்ளிரவுக்குப் பின் மாடத்தின் முன்னால் ஒருவரும் இல்லாத இரவுகள் மிகுதி. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்ட நூலில் இந்த 'இல்லாத அவை'யையே தம் ஆய்வின் மையமாகக் கொண்டார். வெளியே கேட்பார் இல்லாத நிலையில் திரைக்குப் பின்னுள்ள புலவர்கள் ஒருவர்க்கொருவர் அவையாகின்றனர் என்பது அவர் கருத்து. கூத்து உள்முகமாகத் திரும்பி, புலவர்க்கிடையேயான உரையாடலாகிறது. வெறுமையான முற்றத்தைக் கலையின் வீழ்ச்சிக்கு அடையாளமாகக் காணும் இதழியலாரின் இரக்கத்தைவிட இது நுட்பமான பார்வை.

காவிற்குச் செல்லும் வழியும் இருளாகவே இருந்தது. பேருந்தும் தெருவிளக்கும் வருமுன், உலர்ந்த தென்னங்கீற்றைக் கட்டிய சூட்டு ஒன்றே வழிநடைக்கு விளக்கு. கையை வீசி நடந்தால் அது கனன்று எரியும், நின்றால் தணியும். நடையே விளக்கைத் தூண்டும் அந்த ஒளியில் காணக்கூடியது அடுத்த சில அடிகள் மட்டுமே. வயல்வரப்பின் வழியே அவ்வாறு நடந்து வந்தவரின் கண் இருளுக்குப் பழகிவிடும். இருளுக்கு முற்றிலும் பழகக் கண்ணுக்கு அரைமணி நேரத்திற்குக் குறையாமல் வேண்டும் என்பது உடலியல் கூறும் உண்மை. கூத்துமாடத்தின் விளக்கொளி போதாது என இன்று ஒருவர் கூறுவாராயின், குறை விளக்கில் இல்லாமலும் இருக்கலாம்.

இருபத்தொரு சுடர்கள்

கூத்துமாடத்தின் குறுக்கே கட்டப்படும் திரைக்கு 'ஆயப்புடவை' என்று பெயர். பெரிய மாடங்களில் அது நாற்பத்திரண்டு அடி நீளம் வரை இருக்கும். மேற்பகுதி வெண்துணி, கீழ்ப்பகுதி கருந்துணி. திரைக்குப் பின்னே, அதன் நீளத்திற்கு இணையாக அமைந்த மரச்சட்டத்தில் இருபத்தொரு விளக்குகள் வைக்கப்படும். உடைத்த தேங்காய் மூடியே அகல்; உள்ளே தேங்காயெண்ணெய்; பருத்தித்துணித் திரி. காவினின்று கொண்டுவரப்பெறும் சுடரால் இவை ஏற்றப்படுகின்றன.

மலையாளத்தில் தேங்காயெண்ணெய்க்கு 'வெளிச்செண்ண' என்று பெயர். வெளிச்சத்திற்குரிய எண்ணெய் எனப் பொருள் கொள்வர். தமிழர் அதன் மூலப்பொருளை நோக்கிப் பெயரிட, மலையாளிகள் அதன் பயனை நோக்கிப் பெயரிட்டனர். காவில் அருள்வந்து தேவியின் வாக்கை உரைப்பவர் 'வெளிச்சப்பாடு'. எரிபொருளுக்கும் இறைவாக்குக்கும் ஒரே சொல்லடி பயன்பட்டிருப்பது எண்ணத்தக்கது. இவ்விரு சொற்களையும் தமிழில் பெயர்ப்போர் 'தேங்காயெண்ணெய்', 'சாமியாடி' என எழுதிவிடுவது வழக்கம். பொருள் பிழையன்று, ஆனால் இரண்டையும் இணைத்த ஒளி அங்கே அணைந்துவிடுகிறது.

இருபத்தொரு சுடர்களும் தனித்தனி ஒளிமூலங்கள். எனவே ஒரு பாவைக்கு ஒரு நிழல் அன்று, பல நிழல்கள். பாவையைத் துணியோடு ஒட்டி வைத்தால் அவை அனைத்தும் ஒன்றிக் கூரிய கருவடிவம் பெறும். துணியைவிட்டுச் சற்று விலக்கினால் நிழல்கள் பிரிந்து, விளிம்பு கரைந்து, உருவம் பருத்து மங்கும். அரக்கரின் வருகையும் மறைவும் இவ்வகையில் காட்டப்படுகின்றன. அசையாது நிற்க வேண்டிய பாவைகள் முள்ளால் திரையில் குத்தி நிறுத்தப்படும். அவையும் முற்றிலும் அசையாமல் இருப்பதில்லை. காற்றில் சுடர் நடுங்குந்தோறும் நிழலின் விளிம்பு நடுங்கும். துளைகளின் வழியே வரும் ஒளிப்புள்ளிகள் மின்னும். நெடுநேரம் ஒரு பாவை பேசிக்கொண்டே நிற்கும் காட்சிகளில் அதற்கு மூச்சுத் தருவது சுடரின் இந்நடுக்கமே. போர்க்காட்சிகளில் தெள்ளிப்பொடியை, அதாவது கருங்குங்கிலியத் தூளை, சுடரில் வீசிக் கணநேரப் பேரொளியை எழுப்புவர். அப்பேரொளி பேரொளியாகத் தோன்றுவதற்கு அதற்கு முன்னிருந்த இருளே காரணம்.

இவையனைத்தும் ஊரிலேயே கிடைத்தவை என்பதும் குறிப்பிடத்தக்கது. கூத்து முடிந்தபின் எஞ்சுவது கரியும் சாம்பலும் தேங்காய் ஓடும். பாவைக்கான தோல் மட்டும் மாறியது. முன்பு மான்தோலே சிறந்ததெனக் கொள்ளப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் அவ்விடத்தைப் பெற்றன.

உரையின் நீளம்

கூத்தின் பாட்டுத்தொகுதி 'ஆடல்பற்று' எனப்படும். அதன் பெரும்பகுதி கம்பராமாயணப் பாடல்கள். இடையிடையே பிற பாடல்களும் உண்டு. பெரும்பாலான காவுகளில் கதை பஞ்சவடியில் தொடங்கி இராமன் முடிசூடலில் முடியும். இரவுகள் மிகுதியாக உள்ள இடங்களில் பாலகாண்டமும் இடம்பெறும். ஆயினும் பாடலைப் பாடுவது கூத்தின் சிறுபகுதியே. பாடி முடித்ததும் புலவர் அதற்கு உரை கூறத் தொடங்குவார். சொற்சொல்லாகப் பிரித்துப் பொருள் கூறல், கதை விளக்கம், கிளைக்கதை, மாற்றார் கூறும் மறுப்பு, அதற்கு விடை என அது விரியும். ஒரு பாடலுக்கு அரைமணி நேரம் உரை கூறுதலும் உண்டு. உடனிருக்கும் புலவர் கேட்போராகவும் வினவுவோராகவும் அமைவர். அவ்வுரையின் மொழி மலையாளம் தோய்ந்த தமிழ். இரண்டுக்கும் இடைப்பட்ட வேறொரு நடை எனினும் பிழையாகாது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இது அரிய களம். மூலம் பாடப்படுகிறது; அது மாற்றப்படுவதில்லை. அதன் அருகிலேயே, கேட்பார்க்கு எட்டும் மொழியில், பெயர்ப்பும் விளக்கமும் கலந்த ஓர் ஆக்கம் உடனுக்குடன் எழுகிறது. மூலத்தை அகற்றி அவ்விடத்தில் பெயர்ப்பை வைக்கும் அச்சுமரபுக்கு மாறாக, மூலமும் பெயர்ப்பும் ஒரே திரையின் முன் அருகருகே நிற்கின்றன. பெயர்ப்பு எவ்வளவு நீளமாயினும் மூலத்திற்கு இடையூறில்லை. இரவு நீளமானது, இடம் போதாமை என்பதே எழுவதில்லை.

இரு மொழிகளின் நெருக்கமே உரையைத் தேவையாக்கும் இடங்களும் உண்டு. இராமனுக்குத் துணைவந்த குரங்குச் சேனையைக் கம்பன் எழுபது 'வெள்ளம்' என்பான். அது பேரெண் ஒன்றின் பெயர். தமிழர்க்கு அச்சொல் உடனே நினைவூட்டுவது பெருக்கெடுத்து வரும் நீரை. மலையாளத்திலோ வெள்ளம் என்பது குடிக்கும் நீரையும் குறிக்கும் பொதுச்சொல். சொல் ஒன்றாகவே இருந்து பொருள் நழுவும் இத்தகைய இடத்தில் அகராதி உதவாது. விளக்கிச் சொல்லும் வாய் ஒன்று வேண்டும்.

ஒலிப்பிலும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. மொழியிறுதி ஐகாரம் மலையாளத்தில் அகரமாகும். மலை 'மல' ஆகும், தலை 'தல' ஆகும். கம்பன் பாடலை மலையாள நாவால் இவ்வாறு ஒலிப்பினும் யாப்புச் சிதைவதில்லை. ஐகாரக்குறுக்கத்தால் மொழியிறுதி ஐகாரம் அலகிடும்போது குறிலாகவே கொள்ளப்படுதலின், 'மலை'யும் 'மல'யும் ஒரே நிரையசை. சொல்லின் உடை மாறினாலும் ஓசையின் எலும்பு மாறுவதில்லை. கம்பன் விருத்தங்கள் பிறமொழியாளர் வாயில் இத்துணை நூற்றாண்டுகள் நிலைத்தமைக்கு இதுவும் ஒரு துணைக்காரணம் எனல் பொருந்தும்.

மின்னொளியின் வருகை

கேரளத்தின் மின்னொளிக்கு ஊற்று இடுக்கியின் மலைகள். இன்றைய இடுக்கி மாவட்டத்தின் பள்ளிவாசலில் 1940இல் தொடங்கிய நீர்மின் நிலையமே அம்மாநிலப் பகுதியின் முதல் நீர்மின் திட்டம். 1976இல் செயற்பாட்டுக்கு வந்த இடுக்கித் திட்டம் 780 மெகாவாட் திறனுடையது. ஏறத்தாழ 169 மீட்டர் உயர்ந்த அதன் வளைவணை, மாநிலமெங்கும் சிற்றூர்களின் இரவை மாற்றிய கட்டுமானங்களுள் தலையாயது. மின்னொளி தந்த நன்மைகளை மறுப்பார் இலர். ஆனால் காவின் முற்றத்தில் ஒரு குழல்விளக்கு ஏற்றப்பட்டபோது கூத்துமாடத்தில் நேர்ந்ததை எவரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

திரையின் பின்னிருந்து வரும் சுடரொளியால் நிழல் தோன்றுகிறது. திரையின் முன்புறத்தில் வேற்றொளி விழுந்தால் கரும்பகுதியும் வெளுக்கும்; நிழல் அழியும். இதை ஈடுசெய்யப் பின்புறத்தில் மின்குமிழ் பொருத்தினால் நிழல் மீளும்; ஆனால் அது நடுங்காத நிழல். விளிம்பு கூரியதாகவும் உருவம் உயிரற்றதாகவும் நிற்கும். அசையாத பாவையை நெடுநேரம் நோக்க இயலாது. கண் சலிக்கும், சலிப்பைப் போக்கப் பாவையை ஓயாது அசைக்க வேண்டும், ஓயாது அசையும் பாவைக்கு நீண்ட உரை பொருந்தாது. இவ்வாறு விளக்கின் மாற்றம் உரையின் அளவைத் தொடுகிறது. காட்சிக்கும் கேள்விக்கும் இடையே இருந்த பழைய சமநிலை, ஒரு குமிழை மாட்டிய அளவிலேயே காட்சியின் பக்கம் சாய்கிறது.

அரங்க நிகழ்ச்சிகள் இச்சாய்வை முழுமையாக்கின. கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் (இறப்பு 2000) இக்கலையைக் காவுக்கு வெளியே கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா பெண்களைக் கொண்ட குழுவை அமைத்து, ஆண்களுக்கே உரியதாயிருந்த மாடத்திற்கு வெளியே புதிய வாயில் ஒன்றைத் திறந்தார். காந்தியின் வாழ்க்கை முதலான புதிய கதைகளும் நிழலில் ஏறின. இம்முயற்சிகள் இல்லாவிடில் கலை மேலும் ஒடுங்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒருமணி நேர அரங்கில் இடம்பெறுவது பாவையும் இசையும் கதைச்சுருக்கமும். இருபத்தொரு இரவுகள் ஒரு மணியில் அடங்கும்போது முதலில் வெட்டப்படுவது உரையே. தமிழ் அறியாத அவையின் முன் அதை வெட்டுவது நியாயமாகவும் தோன்றுகிறது. இந்நெறியின் கடைசிப் படியைப் பாலக்காட்டு மாவட்ட மரபு அருங்காட்சியகத்திற்கென 2021ஆம் ஆண்டளவில் உருவாக்கப்பட்ட இயந்திரப் பாவைகளில் காணலாம். இயந்திரம் பாவையைப் பிழையின்றி அசைக்கும். 'வெள்ளம்' என்றால் என்ன என உடனிருப்பவர் வினவினால் அது விடை கூறாது.

மலையெல்லையின் இரவுகள்

இருளைக் கலைக்குரிய பொருளாகக் கருதுதல் கூத்துமாடத்திற்கு மட்டும் உரிய செய்தியன்று. பாலக்காட்டிற்குத் தெற்கே, மலைத்தொடர் இடுக்கியை எட்டும் நெடும்பரப்பில் இதே சிக்கல் வேறு வடிவங்களில் எழுகிறது. இடுக்கி மாவட்டமும் தேனி மாவட்டமும் சந்திக்கும் எல்லையில், குமுளிக்கு அருகே, மங்கலதேவி கண்ணகி கோட்டம் உள்ளது. 1963இல் சி. கோவிந்தராசனார் அதைச் சிலப்பதிகாரம் கூறும் கோட்டமாக அடையாளங்கண்டார். சேரன் செங்குட்டுவனோடு அதை இணைப்பது தமிழ்மரபு.

சிலப்பதிகாரம் இரவு வழிநடையின் காப்பியம் எனவும் கொள்ளத்தக்கது. கோவலனும் கண்ணகியும் புகாரைவிட்டு நீங்கியது நிலவும் மறைந்த வைகறை இருளில். மதுரைக்குச் செல்லும் வழியில் வெயிலின் கொடுமை கருதி, பகல் விடுத்து நிலவொளியில் நடக்கத் துணிகின்றனர். மதுரை எரிந்தபின் கண்ணகி வையைக் கரைவழியே மேற்கு நோக்கி நடக்கும்போது, பகலும் இரவும் அவளுக்கு வேறுபடவில்லை என்கிறார் இளங்கோவடிகள். இருள், நிலவு, வேறுபாடற்ற மயக்கம் எனத் துயரின் படிகள் வழிநடையின் ஒளியாலேயே அளக்கப்பட்டுள்ளன.

அக்கோட்டத்தில் ஆண்டுக்கொருமுறை சித்திரை முழுநிலவு நாளில் விழா நடைபெறுகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து காட்டுவழியே நடந்தும், குமுளியிலிருந்து ஜீப்பிலும் மக்கள் ஏறுகின்றனர். கோட்டம் அமைந்திருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்தினுள். எனவே காலையில் ஏறியோர் மாலைக்குள் இறங்கிவிடல் வேண்டும். முழுநிலவு எழும்போது மலையில் பக்தர் எவரும் இருப்பதில்லை. நிலவின் பெயரால் கொண்டாடப்படும் விழா நிலவைக் காணாமலே முடிகிறது. இதை இழப்பென்பாரும் உளர். மலையின் இரவு யானைக்கும் புலிக்கும் விடப்பட்டிருப்பதால்தான் அவ்வழி இன்னும் காட்டுவழியாக இருக்கிறது என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும். விளக்கு நாட்டி இரவிலும் திறந்துவைத்தால் அங்கே கண்ணகி நடந்த இருள் இராது.

இருளைப் புகழ்வதற்கு ஓர் எல்லை உண்டு. இடுக்கி மாவட்டத்துப் புல்லுமேட்டிலிருந்து மகரவிளக்கைக் கண்டு திரும்பிய பக்தர் கூட்டம் 2011 ஜனவரி 14ஆம் நாள் இரவு நெரிசலில் சிக்கி நூற்றுவருக்கு மேல் உயிரிழந்தனர். அவர்களுள் தமிழ்நாட்டினரும் பலர். பெருங்கூட்டம் செல்லும் மலைவழியில் வெளிச்சமின்மை கேடாகலாம் என்பதை எவரும் மறத்தலாகாது.

அந்நிகழ்ச்சிக்குப்பின் ஒரு சொல்வழக்கும் வெளிச்சத்திற்கு வந்தது. பொன்னம்பலமேட்டில் தோன்றும் 'மகரவிளக்கு' மனிதர் ஏற்றுவது என்றும், 'மகரஜோதி' என்பது வானில் தோன்றும் விண்மீன் என்றும் தேவஸ்வம் போர்டு அதே ஆண்டில் கேரள உயர்நீதிமன்றத்தில் தெளிவுபடுத்தியது. மலையாளத்தில் விளக்கு வேறு, ஜோதி வேறு. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களும் பக்திப்பாடல்களும் இரண்டையும் 'மகரஜோதி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டிருந்தன. ஏற்றிய ஒளியையும் இயற்கை ஒளியையும் பிரித்துணர்த்திய இரு சொற்கள் எல்லை கடக்கையில் ஒன்றாகிவிட்டன. மொழிபெயர்ப்பின் சிறு சோம்பல் ஒரு நம்பிக்கையின் வடிவையே மாற்றக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

பாலக்காட்டின் தென்பகுதியில் பரம்பிக்குளமும், இடுக்கியின் வடபகுதியில் இரவிகுளமும், இரண்டையும் தொட்டுக்கொண்டு தமிழ்நாட்டில் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் உள்ளன. அவ்வானைமலையில் 2022ஆம் ஆண்டு மின்மினிகள் பெருந்திரளாகக் கூடி ஒத்திசைந்து ஒளிர்வதைத் தமிழ்நாட்டு வனத்துறையினரும் ஆய்வாளரும் பதிவு செய்தனர். மின்மினியின் ஒளி இணையை அழைக்கும் குறிமொழி. வேற்றொளி மிகுந்தால் அக்குறியைப் படிக்க இயலாது. அதற்கும் இருளே தாள்.

இந்தியாவில் இருளைச் சட்டவழியில் காக்கும் முயற்சி அண்மையில் தொடங்கியுள்ளது. லடாக்கின் ஹன்லே 2022இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மகாராட்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024இல் அனைத்துலக அமைப்பொன்றின் இருள்வான் பூங்கா ஏற்பிசைவைப் பெற்றது. இவை விண்மீன்களுக்காகவும் விலங்குகளுக்காகவும் காக்கப்படும் இருள்கள். ஒரு நூலின் உரைக்காகக் காக்கப்படும் இருள் என எதுவும் இதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லை. கூத்துமாடத்திற்குத் தேவைப்படுவது அத்துணைப் பெரிய ஏற்பாடும் அன்று. கூத்து நிகழும் இரவுகளில் முற்றத்து விளக்குகளை அணைப்பதும், ஒலிபெருக்கியை அடுத்த மேடைக்குத் திருப்பாமல் இருப்பதும், புலவர்க்கு முழு இரவுக்கும் உரிய ஊதியம் தருவதுமே போதும். மூன்றாவது மற்ற இரண்டையும்விடக் கடினமானது. ஒருமணி நேர நிகழ்ச்சிக்கு அரங்கில் கிடைக்கும் தொகையையும் முழு இரவுக்குக் காவில் கிடைக்கும் தொகையையும் ஒப்பிடும் இளம்புலவர், நீண்ட உரையைக் கற்க ஆண்டுகள் பலவற்றைச் செலவிடத் தயங்குவது இயல்பே.

ஆடல்பற்றிலுள்ள பாடல்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்போடும் கம்பன் கழகப் பதிப்போடும் ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைத் தொகுக்கும் பணி தமிழாய்வாளர்க்கு எஞ்சியுள்ளது. ஓலையிலும் குறிப்பேட்டிலும் உள்ள பாடல்களைக் கொண்டு அதனைப் பகலில், நூலகத்தில் அமர்ந்தே செய்யலாம். உரையோ பெரிதும் எழுதப்படாதது. அதைக் கேட்டுப் பதிவு செய்ய முனைவோர் மகரம் முதல் இடவம் வரை ஏதேனும் ஒரு காவின் மாடத்தில், திரைக்குப் பின்னே, விளக்குகளுக்கு அருகில் இடம் கேட்டு அமர வேண்டியிருக்கும்.